கழிசல் கூடையில் கிடக்கும் விளக்கு

ஆழ்கடல் இறால் பிடிக்கப் போன விசைப்படகு கொல்லம் சக்திகுளங்கரையில் கரை சேர்ந்ததும் எல்லோரும் இறாலைச் சுற்றி நிற்பார்கள். என் வேலை பக்கத்துக் கூடையில், மீன்தூள் ஆலைக்குப் போகும் கழிசலில். விரல் நீளத்துக்குக் கறுத்த மீன்கள் அதில் குவிந்து கிடக்கும். வலையில் உரசிச் செதிலெல்லாம் போயிருக்கும். ஒன்றை எடுத்துக் கழுவி, வயிற்றோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு முத்துகள் வரிசையாகப் பதித்தது போலத் தெரியும். அத்தனையும் ஒளி உறுப்புகள். விளக்கு மீன் என்பது இதுதான்.

இந்தக் குடும்பத்தில் சுமார் 250 இனங்கள் உண்டு. இனத்துக்கு இனம் முத்துகளின் வரிசை மாறும். ஆய்வகத்தில் நாங்கள் இனம் பிரிப்பதே அதை வைத்துத்தான். பல இனங்களில் வாலடியிலும் ஒளிச்சுரப்பி இருக்கும். ஆணுக்கு மேல்பக்கம், பெண்ணுக்குக் கீழ்ப்பக்கம். எதிரே வருவது தன் இனமா, ஆணா பெண்ணா என்று இருட்டில் அறிந்துகொள்ள அதற்கு இந்த வெளிச்சம்தான் உதவுகிறது என்று கருதுகிறோம்.

விளக்கு மீனாவது கூட்டமாக வாழ்கிறது. 1000 மீட்டருக்குக் கீழே, சூரிய ஒளி எட்டவே எட்டாத தண்ணீரில் தனியாகத் திரியும் தூண்டில் மீனுக்கு (anglerfish) துணை தேடும் பாடு இன்னும் கஷ்டம். 1922-ல் ஐஸ்லாந்தின் மீன் ஆய்வாளர் பியார்னி சேமுண்ட்சன் இந்த வகையில் ஒரு பெரிய பெண் மீனின் வயிற்றில் இரண்டு சின்ன மீன்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். குஞ்சுகள் என்றே நினைத்தார். 1925-ல் லண்டனில் இன்னொரு மீன் ஆய்வாளர் டேட் ரீகன் அப்படி ஒட்டியிருந்த இன்னொன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் அது ஆண் என்று தெரிந்தது. பல இனங்களில் ஆணுக்கு மூக்குத்துளை பெரிது. பெண்ணின் வாசனையைப் பிடித்துத் தேடிப் போய், அவள் உடம்பைக் கடித்துப் பற்றிக்கொள்ளும். அப்புறம் சில இனங்களில் இரண்டின் தோலும் ரத்தக்குழாய்களும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் ஆணுக்குச் சாப்பாடு அவள் ரத்தத்திலிருந்துதான். நம் உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தையே எளிதில் ஏற்பதில்லை, மருந்து கொடுத்து அடக்க வேண்டியிருக்கிறது. இவற்றால் மட்டும் எப்படி முடிகிறது? இப்படி நிரந்தரமாக ஒட்டும் இனங்கள் நோயெதிர்ப்புக்கான முக்கிய மரபணுக்களையே இழந்திருக்கின்றன என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. துணையை ஒருமுறை கண்டுவிட்டால் பிரியக் கூடாது என்பதற்காகக் கொடுத்த விலை அது என்றே நான் பார்க்கிறேன்.

வேறு சில மீன்கள் ஓரிடத்தில் கூடித் துணை தேடும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பக்கத்து ஆரஞ்சு ரஃபி இனப்பெருக்கத்துக்குக் கடலடி மலைகளில் திரளும். 200 வயதைத் தாண்டியும் வாழக்கூடிய மீன். முட்டையிடும் பருவத்தை எட்டவே 30 ஆண்டு போல ஆகும். இழுவலைக் கப்பல்கள் அந்தத் திரளைத்தான் குறிவைத்தன. சில பத்தாண்டுகளில் பல இடங்களில் மீன்வளம் சரிந்தது. 2006-ல் ஆஸ்திரேலியா இதைப் பாதுகாக்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சேர்த்தது.

அதனால்தான் கூடையைக் கிளறும்போது படகுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: எந்த மாதம், எத்தனை பாகம் (கடலாழத்தை அளக்கும் அளவு) ஆழம், எந்தப் பக்கம் மடி (இழுவலை) இழுத்தீர்கள்? சினை முற்றிய மீன் ஒரே இழுப்பில் நிறைய விழுந்தால் அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, வந்து சொல்லுங்கள். அடுத்த நடைக்கு அங்கே மடியை இறக்காதீர்கள், அண்ணே.