மக்காச்சோளம் கப்பலேறியது, சுண்ணாம்பு ஏறவில்லை

மெக்சிகோ சமையல் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைக்கிறார்களே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா? இந்தக் காலத்திலும் எதற்கு அதை விடாமல் செய்கிறார்கள்?" இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, லட்சக்கணக்கான ஏழைகளின் உடம்பில்.

செய்முறை எளிது. ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, நிறையத் தண்ணீர். வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவிக் கல்லில் அரைப்பார்கள். இதற்கு நிக்ஸ்தமால் என்று பெயர், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்லில் சாம்பலும் மாவும் சேர்ந்த சொல். 3000 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். அரைக்கிற பெண்களிடம் ஏன் என்று கேட்டால் தோல் கழன்று வரும், மாவு ஒட்டும், வாசனை நன்றாக இருக்கும் என்பார்கள். மூன்றும் உண்மை.

கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே அரவை ஆலைகள் இருந்தன. தோலோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை, காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். சுண்ணாம்புக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. 1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஒரு புது நோயைப் பார்த்தார். வெயில் படும் தோல் வெடித்துக் கறுக்கும், கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் தடிப்பு. வயிற்றுப்போக்கு, அப்புறம் புத்தி பேதலிப்பு, முடிவில் மரணம். வட இத்தாலியிலும் பரவியது, 'சொரசொரத்த தோல்' என்ற பொருளில் பெலாக்ரா என்று அங்கே பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேருக்கு வந்தது, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள்.

தொற்றுநோய் என்றுதான் பலர் நம்பினார்கள். 1914-ல் அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கரை அனுப்பினார்கள். அனாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு வருகிற நோய் அங்கேயே வேலை செய்பவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. பால், முட்டை, இறைச்சி கொடுத்தார், நோய் போனது. மிசிசிப்பி சிறைப் பண்ணையில் விடுதலை தருவதாகச் சொல்லி 11 கைதிகளுக்கு மக்காச்சோள உணவையே மாதக்கணக்கில் கொடுத்ததில் 6 பேருக்கு நோய் வந்தது (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது). அப்போதும் பலர் நம்பவில்லை. 1916-ல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், அவர்களின் கழிவை மாத்திரையாக்கி விழுங்கினார், மனைவியும் ரத்த ஊசி போட்டுக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. குறைபடுவது நயாசின் என்ற வைட்டமின் பி3 என்பது 1937-ல்தான் தெரிந்தது, அவர் இறந்து 8 ஆண்டுகள் கழித்து.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். மக்காச்சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. பெரிய சர்க்கரைச் சங்கிலிகளோடு எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. நம் குடலின் நொதிகளுக்கு அந்தப் பூட்டின் சாவி தெரியாது, வயிற்று அமிலத்துக்கோ அதை அறுக்க நேரம் போதாது, அதனால் வைட்டமின் உள்ளே வந்து அப்படியே வெளியே போய்விடுகிறது. ஆனால் எஸ்டரை உடைப்பதில் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) கெட்டி. பள்ளியில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சோப்பு செய்தோமே, கிட்டத்தட்ட அதே வினைதான் அந்தச் சுண்ணாம்புப் பானையில் இரவெல்லாம் நடக்கிறது. காரப்பொருள் தோலிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைக் கரைக்கிறது, தோல் கழல்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டின் என்ற பசைப்பொருளின் இழைகளைக் கோத்துப் பிடிக்கிறது, மாவு ஒட்டுகிறது. கண்ணுக்குத் தெரிந்த இந்த இரண்டு வேலைகளோடு கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வேலையாக நயாசின் விடுபடுகிறது. பாதுகாப்பு முழுக்கச் சுண்ணாம்பால் மட்டும் வந்ததல்ல, கூடவே சாப்பிட்ட பீன்ஸும் உதவியது, அதன் புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற கூறிலிருந்து உடம்பே கொஞ்சம் நயாசின் செய்துகொள்ளும்.

ஒரு பழக்கத்தை மாற்றும் முன் காரணத்தைக் கேள் என்று சொல்வார்கள். இங்கே கேட்டிருந்தாலும் போதாது. "தோல் உரிக்க" என்ற பதில் கிடைத்திருக்கும், ஆலை அந்த வேலையைச் சுண்ணாம்பைவிட நன்றாகவே செய்தது. சொல்லப்பட்ட காரணம் சரியாகவே இருந்தது, உயிரைக் காத்த காரணம் யாருக்குமே தெரியாது. அதற்காக, முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிவியலாகத் தெரிந்தே வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு வைட்டமின் தெரியாது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பழக்கங்களில் தீங்கு செய்தவையும் உண்டு. எது எது என்று பிரிக்கக் கோல்ட்பர்கர் மாதிரி ஊர் ஊராகப் போய்த் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆட்கள் வேண்டும். நம் நாட்டில் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குப் போன ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் தக்காணத்தில் வெறும் சோளம் (மக்காச்சோளம் அல்ல, ஜோவர் என்கிற நம் வெள்ளைச் சோளம்) சாப்பிடுகிறவர்களுக்கும் பெலாக்ரா வருவதை 1960-லேயே எழுதினார்கள். இந்த மாதிரி வேலைக்கு நிதி கேட்டால் கவர்ச்சியாக இருக்காது என்பது எனக்குத் தெரியும், ஆனால் இதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். உணவுக்கான சுண்ணாம்பைக் கொஞ்சமாகப் போட்டு, நன்றாகக் கழுவிவிடுவதால் கெடுதல் இல்லை, கால்சியம்தான் கூடும். பல தானியமும் பருப்பும் சாப்பிடும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்றும் இல்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் சாதாரண மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடிக்கும். பஞ்சாபில் மக்கி ரொட்டிக்கு வெந்நீர் விட்டு உள்ளங்கையால் பொறுமையாகத் தட்டுவது அதனால்தான். சுண்ணாம்பில் ஊறிய மாவோ சப்பாத்தி மாவு மாதிரி மெல்லிசாக விரியும்.