வெளியேற்ற நகலா, கட்டளை நகலா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் திக்குவாய்ப் பயிற்சிக்கு வரும் பெற்றோருக்குக் கொடுக்கும் ஒரு விளக்கத்தாளில் ‘எஃபரன்ஸ் காப்பி’ என்பதை ‘வெளியேற்ற நகல்’ என்று போட்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டேன். இப்போது வானொலியில் மருத்துவம் பேசுகிறவரும் அதையே சொல்கிறார்.

விஷயம் இதுதான். ‘அம்மா’ என்று சொல்ல உதட்டுக்கும் நாக்குக்கும் கட்டளை போகும்போதே மூளை அதன் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. காதில் என்ன கேட்கும், உதடு எப்படி ஒட்டும் என்று அதை வைத்தே முன்கூட்டிக் கணித்துவிடுகிறது. கேட்டது கணித்தபடி இருந்தால் செவிப்புலப் பகுதி அடக்கி வாசிக்கும். அதே குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் அவ்வளவு அடங்காது. கைப்பேசியில் நம் பேச்சு நமக்கே கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தால் நாக்கு குழறுகிறதல்லவா, அது கணிப்பும் காதும் ஒத்துப்போகாத குழப்பம்தான். 1998-இல் ஹௌட், ஜோர்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பேசுகிறவரின் உயிரொலியை மாற்றி அவர் காதுக்கே அனுப்பினார்கள். அவர் தன்னையறியாமல் எதிர்ப்பக்கமாக உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார்.

‘எஃபரன்ஸ்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்: ‘எக்ஸ்’ வெளியே, ‘ஃபெர்ரே’ கொண்டுசெல்லுதல். 1950-இல் ஃபொன் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட் என்ற ஜெர்மானியர்கள் ஈயின் தலையைத் திருகி வைத்துச் சோதித்துவிட்டு இந்தப் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டில் ஸ்பெரி என்ற அமெரிக்க ஆய்வாளர் மீனை வைத்து ஏறக்குறைய இதையே கண்டு ‘கொரோலரி டிஸ்சார்ஜ்’ (கட்டளையோடு கூடவே எழும் நரம்புச் சைகை) என்றார். அந்த டிஸ்சார்ஜ்தான் நம் மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்த்திருக்க வேண்டும்.

மருத்துவமனைத் தாளில் ‘வெளியேற்ற நகல்’ என்று பார்க்கிற அம்மா என்ன நினைப்பார்? வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற கடிதத்தைப் போட்டோஸ்டேட் எடுத்துவரச் சொல்கிறார்கள் என்றுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கோ, லய வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ்தான் ஞாபகம் வரும். அதைவிடப் பெரிய கோளாறு, பொருளே தலைகீழ். வெளியே போவது கட்டளை. நகல் எங்கேயும் போவதில்லை, மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அகராதியில் முதல் வரியைப் பார்த்ததும் மூடிவைக்கிறவர்கள் மொழிபெயர்த்தால் இப்படித்தான்.

பினாங்கில் தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘ஏவற்படி’ என்கிறார். நகல் அரபு வழி வந்த சொல்லாம், படிதான் தமிழாம். சரிதான், கையெழுத்துப்படி நல்ல சொல்தான். ஆனால் ‘மூளை ஏவற்படியைப் பயன்படுத்துகிறது’ என்றால் யாரோ ஏவியதன் படி நடக்கிறது என்றல்லவா தோன்றும்? ஏவல் என்றாலே பில்லி சூனியம் வேறு வந்து நிற்கும். ‘கட்டளை நகல்’ என்றால் பாட்டிக்கும் புரியும். நகல் அரபாக இருந்துவிட்டுப் போகட்டும், பிறப்புப் பத்திரத்துக்கு நகல் கேட்கும்போது யார் கூசுகிறார்கள்?

‘ஃபீட்பேக்’குக்குப் பின்னூட்டம், ‘ஃபீட்ஃபார்வர்ட்’டுக்கு முன்னூட்டம் என்கிறார்கள், இரண்டிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே விளக்கத்தாளில் கணிப்புக்கு ‘ஆரூடம்’ என்று போட்டிருக்கிறார்கள். சோழி உருட்டுகிறதா மூளை?