டீசலை இறக்கிவிட்டு மோட்டாரை ஏற்றினால்

35 அடி பாய்மரப் படகிலிருந்து டீசல் எஞ்சினை வெளியே எடுப்பது அரை நாள் கூத்து. 100 கிலோவுக்கு மேல் கனம்; கப்பியும் கயிறும் கட்டி, குறுகலான படிவாசல் வழியாக ஏற்ற வேண்டும். அது இருந்த இடத்தில் வாளி அளவுக்கு 10 கிலோவாட் மின் மோட்டார் ஒன்று உட்காருகிறது. ப்ரொப்பெல்லர் தண்டு பழையதேதான்; இரண்டையும் பல் வைத்த பெல்ட் இணைக்கிறது. டேங்க், புகைக்குழாய், கடல்நீர் பம்ப் எதுவும் இனி வேண்டாம்.

சரி, எவ்வளவு தூரம் போகும்? நம் கரண்ட் பில் யூனிட்டிலேயே பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல். பெரும்பகுதி சூடாகப் போய், 3 யூனிட்தான் தண்டுக்கு வரும். 10 யூனிட் லித்தியம் பேட்டரி சுமார் 100 கிலோ. அதாவது, 100 கிலோ பேட்டரியைச் சுமந்தால் மூன்று லிட்டர் டீசலுக்குச் சமம்!

இங்கேதான் தண்ணீர் கைகொடுக்கிறது. படகு ஓடும்போது தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, படகின் நீளத்தையே எட்டிவிடும். இந்த அளவுப் படகுக்கு அது 7 நாட் வாக்கில் நடக்கும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கி.மீ.). அதற்கு மேல் தன் அலை மீதே ஏறப் பார்க்கும் கதைதான். அமைதியான நீரில் 4 நாட்டுக்கு 2 கிலோவாட் போதும். 6 நாட்டுக்குச் சுமார் 8 வேண்டும். அதே 10 யூனிட்டில் மெதுவாகப் போனால் 20 கடல் மைல், அவசரப்பட்டால் ஏழரை.

பாயில் ஓடும்போது ப்ரொப்பெல்லர் சுழன்று பேட்டரியை நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் கிடைப்பது சில நூறு வாட். படகின் வேகமும் கொஞ்சம் குறையும். நான் இதை நம்பித் திட்டம் போட மாட்டேன்.

கவலைப்பட வேண்டியது வயரிங்குக்குத்தான். 48 வோல்ட்டில் 10 கிலோவாட் என்றால் 200 ஆம்பியருக்கு மேல். ஒரு நட் லேசாகத் தளர்ந்து, ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை வந்தாலே அந்த இடத்தில் 40 வாட் சூடு: பற்றவைக்கும் சோல்டரிங் அயர்ன் அளவு. அதனால் நட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும். இந்தச் சூட்டை ஃப்யூஸ் தடுக்காது; ஆனால் ஷார்ட் சர்க்யூட் ஆனால் கரண்டைத் துண்டிக்க அது பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் பாய் விரிப்பவருக்கு இது அருமையான மாற்றம். அமெரிக்கக் கிழக்குக் கரையோரக் கால்வாய்களில் நாள் முழுக்க எஞ்சினிலேயே ஓட்டுபவர் ஒரு ஜெனரேட்டரும் வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் அதற்கு ஒரு டேங்க், ஒரு புகைக்குழாய்.