ஃபைலை வெட்ட ஃபைல் முழுசையும் படிக்கணுமா?

சர்வர் பராமரிப்பு வேலைல இருக்கறதால அடுத்தவங்க எழுதின ஸ்கிரிப்ட்களை நிறைய பாக்க வேண்டி வரும். அதுல திரும்பத் திரும்ப கண்ணுல படற ஒன்ன பத்தி இன்னைக்கு எழுதலாம்னு தோணுச்சு. 20 ஜிபிக்கு ஒரு ஃபைல் இருக்கும், அதோட வால் பகுதில கொஞ்சத்த வெட்டணும், அவ்ளோதான் வேலை. அதுக்கு ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்னா ஃபைல் மொத்தத்தையும் மெமரிக்குள்ள இழுத்து, வேண்டாத பகுதிய கழிச்சுட்டு, மிச்சத்த அப்படியே திரும்ப எழுதும். மெஷின்ல ராம் 8 ஜிபின்னா கெர்னலே அந்த ப்ராசஸை கில் பண்ணிடும். சரி ராம் பத்துச்சுன்னே வைங்க, திரும்ப எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போனாலோ டிஸ்க் நிறைஞ்சாலோ பாதி ஃபைல்தான் மிஞ்சும்.

இவ்ளோ பாடு தேவையே இல்லங்க. ஃபைலோட சைஸ்ங்கறது லினக்ஸ் மாதிரி சிஸ்டத்துல ஐநோடுக்குள்ள, அதாவது ஃபைலோட விவரங்கள மட்டும் வெச்சிருக்கற பதிவுக்குள்ள இருக்கற ஒரு நம்பர். குறைக்கணும்னா ஃபைல் சிஸ்டம் அந்த நம்பரை மாத்தி, புது சைஸுக்கு வெளில நிக்கற பிளாக்குகளை, அதாவது டிஸ்க்ல ஒதுக்கின துண்டுகள விடுவிச்சுடும், உள்ள இருக்கற டேட்டாவ யாரும் படிக்க வேண்டியதில்ல. பைத்தான்ல ஓஎஸ் மாட்யூல்லயும் இருக்கு, திறந்து வெச்ச ஃபைல் மேலயும் இருக்கு, பேரு ட்ரங்கேட். பெர்ல், ரூபி, பிஎச்பி எல்லாத்துலயும் இருக்கு, ஷெல்லுக்கு தனி கமாண்டே இருக்கு.

ஆனா ட்ரங்கேட் சைஸை மட்டும்தான் மாத்தும், நீங்க ஃபைலுக்குள்ள எந்த இடத்துல நிக்கறீங்க, அதாவது அடுத்து படிக்கறதோ எழுதறதோ எங்கருந்துங்கறத மாத்தாது. பாதி பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு ஜேசன் ஃபைல் (டேட்டாவ டெக்ஸ்ட்டா சேமிக்கற ஒரு ஃபார்மட்), 120 பைட் இருக்குன்னு வைங்க. ஸ்கிரிப்ட் அத படிச்சு எழுதற மோடுல திறந்து, படிச்சு, ஒரு மதிப்ப மாத்தி, ஆரம்பத்துக்கு போய் திரும்ப எழுதுது. புது டேட்டா பழசை விட பெருசா இருக்கற வரைக்கும் எந்த சிக்கலும் வராது, மாசக்கணக்கா ஓடும். என்னைக்காவது ஒரு நாள் புது டேட்டா 95 பைட்டா சுருங்கும், அப்ப பழசோட கடைசி 25 பைட் வால்ல ஒட்டிட்டு நிக்கும், அடுத்த தடவ படிக்கறப்ப ஜேசன் முடிஞ்ச பிறகும் ஏதோ இருக்குன்னு எரர் வரும். இத சரி பண்றேன்னு படிச்சு முடிச்ச உடனே ட்ரங்கேட் ஜீரோ போட்டுட்டு எழுதறவங்க இருக்காங்க, அது இன்னும் மோசம், ஏன்னா நிக்கற இடம் இன்னும் 120லயே இருக்கு, எழுதறது அங்கருந்து போகும், முன்னாடி 120 நல் பைட் (மதிப்பு ஜீரோவா இருக்கற பைட்) வந்து உக்காந்துடும். சரியான வரிசை என்னன்னா, ஆரம்பத்துக்கு போங்க, எழுதுங்க, அப்புறம் பைத்தான்ல திறந்து வெச்ச ஃபைல் மேல எந்த நம்பரும் குடுக்காம ட்ரங்கேட் கூப்பிடுங்க, நிக்கற இடத்தோட வெட்டிடும். முக்கியமான செட்டிங்ஸ் ஃபைலா இருந்தா நான் இதையும் பண்ண மாட்டேன், அதே ஃபோல்டர்ல தற்காலிக ஃபைல்ல எழுதி ரீப்ளேஸ் பண்றதுதான் நிம்மதி.

ஒரு ப்ராசஸ் தான் பண்றத எழுதிட்டே போற லாக் ஃபைல்லயும் இதே கதைதான். டிஸ்க் ஃபுல்லுன்னு அலர்ட் வந்ததும் லாகை டெலிட் பண்ணிடறாங்க, ஆனா அந்த ப்ராசஸ் ஃபைலை திறந்தே வெச்சிருக்கறதால ஒரு பைட் கூட திரும்ப கிடைக்காது, ப்ராசஸ் மூடற வரைக்கும் இடம் பிடிச்சுட்டேதான் இருக்கும். ஜீரோவுக்கு ட்ரங்கேட் பண்ணா இடம் உடனே கிடைக்கும், ஆனா அந்த ப்ராசஸ் அப்பெண்ட் மோடுல, அதாவது எப்பவும் ஃபைலோட கடைசிலயே எழுதற மோடுல திறந்திருக்கணும். இல்லன்னா அடுத்த வரிய பழைய இடத்துலயே எழுதும், லிஸ்ட் பண்ணி பாத்தா மறுபடி 20 ஜிபின்னு காட்டும், டிஸ்க்ல உண்மையா பிடிச்சிருக்கற இடத்த காட்டற டியூ கமாண்ட் போட்டா சில கேபிதான் இருக்கும். நடுவுல இருக்கறது வெறும் ஓட்டை, ஸ்பார்ஸ் ஃபைல்னு சொல்றது இததான்.

ட்ரங்கேட் வெச்சு சைஸை கூட்டினாலும் இதே ஓட்டைதான் கிடைக்கும். 10 ஜிபிக்கு இடம் ரிசர்வ் பண்ணிட்டோம்னு நம்பி இருப்பீங்க, டிஸ்க்ல உண்மையா எதுவும் ஒதுக்கியிருக்காது, பாதி எழுதினதும் இடம் இல்லன்னு நிக்கும். நெசமாவே இடம் பிடிக்கணும்னா பைத்தான் ஓஎஸ் மாட்யூல்ல இருக்கற பாசிக்ஸ் ஃபேலகேட் யூஸ் பண்ணுங்க.

தமிழ் டெக்ஸ்ட் வெச்சு வேலை பாக்கறவங்க இன்னொன்னையும் கவனிக்கணும், ட்ரங்கேட்டுக்கு குடுக்கற நம்பர் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்ல. யூடிஎஃப் 8ல 'அம்மா' கண்ணுக்கு 3 எழுத்து, ஆனா உள்ள அ, ம, புள்ளி, ம, கால்னு 5 குறி, ஒவ்வொன்னும் 3 பைட், ஃபைல்ல மொத்தம் 15 பைட். 10ல வெட்டினா ஒரு குறியோட 3 பைட்ல 1 மட்டும் மிஞ்சி, படிக்கறப்ப டீகோட் எரர், அதாவது பைட்டை எழுத்தா மாத்த முடியலன்னு எரர் வரும். அதனால வரி முடியற இடமா பாத்து வெட்டுங்க. பைனரி மோடுல (எழுத்தா மாத்தாம பைட்டாவே படிக்கற மோடு) திறந்து, கடைசி 4096 பைட்டை மட்டும் படிச்சு, அதுல கடைசி நியூலைன் (வரி முடிவைக் காட்டற குறி) எங்க இருக்குன்னு பின்னாலருந்து தேடி, அதுக்கு அடுத்த பைட்ல ட்ரங்கேட் பண்ணா போதும். ஃபைல் 20 ஜிபியா இருந்தாலும் படிக்கறது அந்த 4096 தான். ஃபைலே 4096 விட சின்னதா இருந்தா பின்னால போற சீக் (நிக்கற இடத்த நகர்த்தறது) எரர் அடிக்கும், அத முதல்லயே செக் பண்ணிடுங்க.

முன்பக்கத்த வெட்ட மட்டும் இது உதவாது, அதுக்கு வேண்டிய பகுதிய துண்டு துண்டா புது ஃபைலுக்கு காப்பி பண்றதுதான் எல்லா இடத்துலயும் வேலை செய்யற வழி.

கடைசியா ஒன்னு, கணக்கு தப்பி இப்ப இருக்கற சைஸை விட பெரிய நம்பர் போயிடுச்சுன்னா ட்ரங்கேட் எரரே குடுக்காது, சத்தமில்லாம ஃபைலை நீட்டிடும். சின்ன நம்பர் போயிடுச்சுன்னா டேட்டா போயே போச்சு, ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. குறைக்கறதுக்காக எழுதற ஸ்கிரிப்ட்னா, புது சைஸ் பழசை விட சின்னதா, நீங்க எதிர்பார்த்த அளவுக்குதான் குறையுதான்னு ரெண்டு வரி செக் போட்டு, இல்லன்னா அங்கயே நிறுத்திடுங்க.