இன்டர்செக்ஷனாலிட்டி: தமிழில் ‘இடைவெட்டு’

பெண்ணுரிமை, கறுப்பினப் பெருமிதம், சமூகநீதி என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இந்தச் சொல் தலைகாட்டிவிடுகிறது. ‘ஒருவருக்குப் பல அடையாளங்கள் உண்டு’ என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது யாருக்குத்தான் இல்லை? இந்தச் சொல்லுக்கு வேர் ஒரு தொழிலாளர் வழக்கு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை எனலாம். எழுபதுகளில் வியாபாரம் படுத்தபோது, கடைசியாகச் சேர்ந்தவருக்கு முதலில் கல்தா என்ற பணிமூப்பு விதி வந்தது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். எம்மா டிகிராஃபன்ரீடும் இன்னும் நான்கு பெண்களும் நீதிமன்றம் போனார்கள். 1976இல் தீர்ப்பு வந்தது. ஆலை பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறதே, பாலினப் பாகுபாடு எங்கே என்றது நீதிமன்றம். அப்படி வேலை பெற்ற பெண்கள் வெள்ளையர்கள் என்பது பொருட்டாகவில்லை. இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் கலந்து கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது.

சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைப் பிரித்துக் காட்டி, இனமும் பாலினமும் சேர்ந்து ஒருவரைத் தாக்கும் நிலைக்கு இச்சொல்லை முன்வைத்தார். அவர் காட்டிய படம் ஒரு நாற்சந்தி. நான்கு பக்கமும் வண்டி வருகிறது. நடுவில் நிற்பவர்மேல் எதுவும் மோதலாம், எல்லாமும் சேர்ந்தும் மோதலாம். எந்தச் சாலை வண்டி என்று நிரூபித்தால்தான் சிகிச்சை என்றால் அவர் கதி என்ன?

சொல்தான் புதிது. கறுப்பினப் போராட்டம் ஆண்களை மனத்தில் வைத்தும், பெண்ணியம் வெள்ளைப் பெண்களை மனத்தில் வைத்தும் பேசியதால் இரண்டிலும் விடுபட்ட பாஸ்டன் பெண்கள் சிலர், 1977இலேயே கோம்பாஹி நதிக் கூட்டமைப்பின் அறிக்கையாக இதைச் சொல்லிவிட்டார்கள். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன் 1863இல் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட ஆற்றின் பெயர் அது.

லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘செகாரே’ என்றால் வெட்டுதல். தமிழில் ‘குறுக்குவெட்டுத்தன்மை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. குறுக்குவெட்டு என்றதும் அறிவியல் பாடத்தில் அறுத்துக் காட்டிய தண்டுதான் நினைவுக்கு வரும். நம் பள்ளிக் கணக்கில் இரண்டு கணங்களுக்கும் பொதுவான பகுதியை ‘வெட்டு’ என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் அது ‘இடைவெட்டு’. வேர்ப்பொருளும் படமும் அதில் சரியாக விழுகின்றன. ‘இடைவெட்டு ஒடுக்குமுறை’, ‘இடைவெட்டுப் பார்வை’ என்று எளிதாக நீட்டவும் முடிகிறது.

இந்தியச் சட்டத்துக்கும் இது வந்துவிட்டது. பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண் ஒருவர்மீது ஆந்திரத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை விரிவாகவே விளக்கியது. சாதி, பாலினம், உடற்குறை மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. ஆயுள் தண்டனையும் உறுதியானது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி கிடைத்த தண்டனை மட்டும் ரத்தானது. குற்றம் நடந்த 2011இல் இருந்த சட்ட வாசகப்படி, சாதியின் காரணமாகவே அது நடந்தது என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டியிருந்தது.