கந்தளாய் உமிக்கும் சீனக்குடா சீமெந்துக்கும் நடுவுல ஒரு சங்கம்

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிஞ்ச கையோட திருகோணமலை மாவட்டத்தில கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கம் போனா மில்லுகளுக்குப் பின்னால உமி குவிஞ்சு கிடக்கிறதப் பாக்கலாம். ஒரு டன் நெல்லு குத்தினா கிட்டத்தட்ட 200 கிலோ உமி மிஞ்சும், நெல்லு அவிக்கிற மில்லா இருந்தா அதில ஒரு பங்கு பொயிலருக்குள்ள போகும், மிச்சம் செங்கல் சூளைக்கோ கோழிப்பண்ணைக்கோ போகும், அதுக்கும் ஆள் வராட்டி கொளுத்திவிட்டுருவாங்க. இந்தப் பக்கம் சீனக்குடாவில சீமெந்து பேக்டரி நிக்குது. இந்த ரெண்டையும் இணைக்கிற கெமிஸ்ட்ரி, அதாவது உமிய எரிச்ச சாம்பல சீமெந்தில கலக்கிறது, பல வருசமா புத்தகத்தில இருக்கு, மெஷினும் விலைக்குக் கிடைக்குது. ஆனா ஒரு மில்லு முதலாளி தனிய நிண்டு இதச் செய்ய ஏலாது. ஏன் ஏலாது, ஒரு தொழிற்சங்கம் இல்ல, தொழில் செய்யிறவங்கட சங்கம், உற்பத்தியாளர் சங்கம் எண்டு சொல்லுவமே, அது நடுவுல வந்தா என்ன மாறும் எண்டுதான் இங்க பாக்கப் போறம்.

மில்லு முதலாளிமார் சங்கம் எண்ட உடனே நம்மாக்களுக்கு அரிசி விலைதான் ஞாபகம் வரும். அந்தக் கோபத்தக் கொஞ்சம் ஓரமா வைங்க, பிறகு அதுக்கும் வாறன்.

உமிக்குப் போக முதல், சங்கம் சேந்தா மில்லுக்குள்ளயே மிச்சம் பிடிக்கக்கூடியது ஒண்டு, கரண்ட் பில். மில்லுக்குள்ள ஓடுறது முழுக்க இண்டக்‌ஷன் மோட்டர். இந்த மோட்டர் வேலை செய்யிறதுக்கு எடுக்கிற கரண்ட் ஒண்டு, தனக்குள்ள காந்தப்புலத்த உண்டாக்கி வச்சிருக்க எடுக்கிற கரண்ட் இன்னொண்டு. ரெண்டாவது கரண்ட் லைனுக்கும் மோட்டருக்கும் நடுவுல போய் வந்துகொண்டே இருக்கும், அதால ஒரு அரிசி கூட வெள்ளையாகாது, ஆனா வயரும் ட்ரான்ஸ்ஃபோமரும் அதையும் சேத்துத்தான் சுமக்கணும். அதனாலதான் பெரிய பாவனையாளருக்கு யூனிட்டுக்கு மட்டுமில்லாம மாசத்தில ஆகக் கூட இழுத்த கேவீஏக்கும், அதாவது இந்த ரெண்டு கரண்டையும் சேத்து அளக்கிற அளவுக்கும், பில் வருது. ஒரு மில்லு உண்மையா பாவிக்கிறது 80 கிலோவாட் எண்டு வைங்க, பவர் ஃபெக்டர், அதாவது இழுக்கிறதில உண்மையா வேலை செய்யிற பங்கு, 0.7 ஆ இருந்தா மீட்டர் 114 கேவீஏ காட்டும், அந்த ரெண்டாவது கரண்ட மோட்டருக்குப் பக்கத்திலயே குடுக்கிற கப்பாசிட்டர் பேங்க் ஒண்ட சரியான அளவில போட்டு அத 0.95 க்குக் கொண்டுவந்தா 84. அதே மோட்டர், அதே நெல்லு.

இத பச்சைத் தொழில்நுட்பம் எண்டு சொன்னா கொஞ்சம் ஏமாத்து வேலைதான், ஏனெண்டா யூனிட் பெருசாக் குறையாது, பில்லுதான் குறையும். ஆனா காசு கையில தெரியுது பாருங்க, அதுதான் முக்கியம், அடுத்த வேலைக்கு முதலாளி காது குடுப்பார்.

அடுத்த வேலை புளோவர். உமி இழுக்கிறதுக்கும் பொயிலருக்குக் காத்து அடிக்கிறதுக்கும் இருக்கிற ஃபேன் எல்லாம் முழு ஸ்பீடில சுத்தும், காத்து கூடிப் போச்செண்டா ஒரு தகட்ட மூடி காத்தக் குறைப்பாங்க. மோட்டர் அப்பவும் ஓடுது, தகட்டோட மல்லுக்கட்டுது. அதுக்குப் பதிலா வீஎஃப்டி எண்டு சொல்ற டிரைவ் ஒண்டு போட்டு ஃபேன்ட ஸ்பீடையே குறைச்சா என்ன நடக்குமெண்டா, ஃபேனுக்குத் தேவையான பவர் ஸ்பீடின்ட மூண்டாம் அடுக்குப்படி இறங்கும், அதாவது ஸ்பீட 80 சதவீதமாக்கினா பவர் கிட்டத்தட்ட 51 சதவீதம்தான். ஸ்பீடில அஞ்சில ஒண்டக் குறைச்சா பவர் பாதியாகுது, இது நம்ப கஷ்டமான கணக்கு, ஆனா காத்தும் தண்ணியும் தள்ளுற ஃபேன், பம்புக்கு மட்டும்தான் இது சரி. பாலிஷருக்கும் எலிவேட்டருக்கும் பொருந்தாது. டிரைவ் விக்க வாற சேல்ஸ்காரர் இந்த வித்தியாசத்தச் சொல்லமாட்டார், அவர் எல்லா மோட்டருக்கும் ஒண்டு போடச் சொல்லுவார்.

இங்கதான் சிக்கல். அந்த சேல்ஸ்காரர் சொல்றது சரியா பிழையா எண்டு பாக்க மில்லுக்காரருக்கு ஆள் இல்ல. எனர்ஜி ஓடிட் செய்யிற இஞ்சினியர் கொழும்பில இருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் வரணும், ஒரு மில்லுக்காக அவர் வந்து தங்கி அளந்திட்டுப் போனா அந்தச் செலவே லாபத்த விழுங்கிரும். சங்கம் கூப்பிட்டா அவர் ஒரு கிழமை நிண்டு வரிசையா மில்லு மில்லா அளப்பார், செலவு பங்கு பிரியும், அதோட எல்லா மில்லையும் ஒரே மாதிரி அளப்பார். இந்த ஒரே மாதிரி எண்டதுதான் முழு விசயத்திலயும் கனமான இடம், கொஞ்சம் நிண்டு பாப்பம்.

ஒரு டன் நெல்லுக்கு எத்தின யூனிட் போகுது எண்டு ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு நம்பர் வருது. அந்த நம்பர வெளிய சொல்ல ஒருத்தரும் விரும்பமாட்டாங்க, போட்டிக்காரன் செலவக் கணக்குப் பாத்திருவான் எண்டு பயம், நியாயமான பயம். அதால வெளி ஆள் ஒருத்தர் நம்பர எல்லாம் வாங்கி, பேர எடுத்துப்போட்டு, ஒரு பேப்பரில புள்ளி புள்ளியாப் போட்டுக் குடுப்பார், உங்கட புள்ளி எது எண்டு உங்களுக்கு மட்டும் தெரியும். உலக சீமெந்துக் கம்பனிகளே இப்பிடித்தான் செய்யிறாங்க, தங்கட எனர்ஜிக் கணக்கையும் காபன் கணக்கையும் ஒரு பொது டேட்டாபேஸுக்குக் குடுப்பாங்க, நடத்துறது வெளி நிறுவனம், ஒருத்தர்ட கணக்கு மத்தவருக்குத் தெரியாது, ஆனா சராசரி எங்க, கெட்டிக்காரன் எங்க, நாம எங்க எண்டு தெரியும்.

இது மனுசர எப்பிடி அசைக்கும் எண்டதுக்கு ஒரு கூட்டத்தக் கற்பனை பண்ணுங்க. கிண்ணியா முதலாளி பேப்பரப் பாத்திட்டு ஒண்டும் பேசாம இருக்கார், பக்கத்தில தம்பலகாமத்துக்காரர் மெல்லக் கேக்கிறார், "நானா, உங்கட புள்ளி எந்தப் பக்கம்?" "அத ஏன் கேக்கிறீங்க தம்பி, கடைசிக்கு முதல்ல நிக்கிறன், அந்த முதலாவது நிக்கிறவன் என்ன மெஷின் வச்சிருக்கான் எண்டு தெரிஞ்சா நல்லது." இந்தக் கேள்விய ஒரு அரசாங்க அதிகாரி எத்தின செமினார் வச்சாலும் வரவைக்க ஏலாது.

இதத்தான் சுவிஸில 1987 இல சூரிச்சில தொடங்கினாங்க, ஜெர்மனிக்காரங்க 2002 இல ஹோஹென்லோஹ எண்ட இடத்தில அதக் கையில எடுத்தாங்க. பத்துப் பதினஞ்சு கம்பனி ஒரு குழு, முதல்ல எல்லாருக்கும் ஓடிட், பிறகு குழுவுக்கு ஒரு பொது இலக்கு, வருசத்தில மூண்டு நாலு தடவ ஒருத்தர்ட பேக்டரில கூடி அங்க செஞ்சு வச்சத நேர பாக்கிறது. அப்பிடிக் குழுவில இருந்த கம்பனிகள் சராசரிக் கம்பனிகளப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகத்தில எனர்ஜி மிச்சம் பிடிச்சிருக்கு. 2014 இல ஜெர்மன் அரசாங்கமும் தொழில் சங்கங்களும் சேந்து 500 குழு உண்டாக்கிறது எண்டு ஒப்பந்தமே போட்டாங்க.

எல்லா சங்கமும் இப்பிடி நல்லபிள்ளை எண்டு நினைச்சிராதீங்க. ஓசோன் படைய ஓட்டையாக்கிற சீஎஃப்சி வாயுவக் கட்டுப்படுத்தக் கூடாதெண்டு அமெரிக்காவில கம்பனிகள் சேந்து 1980 இல ஒரு கூட்டணியே கட்டினாங்க, 1986 இல அதே கூட்டணி மாறி, சர்வதேசக் கட்டுப்பாடு வரட்டும் எண்டுது, அடுத்த வருசம் மொன்றியல் ஒப்பந்தம் வந்திச்சு. திருப்பூர் சாயப்பட்டறைக்காரங்க கதையும் பாசத்தில நடந்ததில்ல, நொய்யல் ஆறு நாறிப்போய், 2011 ஜனவரியில ஹைகோர்ட் பட்டறையள மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுத்தண்ணியும் வெளிய விடாத முறை அங்க உண்மையில இறுகினது. ஆனா அப்பவும் சின்னப் பட்டறை ஒண்டு தனிய தண்ணிய வடிகட்டுற ஆர்ஓ மெஷினும் ஆவியாக்கிற மெஷினும் வாங்க ஏலாது, பல பட்டறையள் சேந்து கட்டின பொதுச் சுத்திகரிப்பு நிலையம்தான் கைகுடுத்தது, தண்ணியும் எடுத்து, சாயம் பிடிக்கப் போடுற உப்பையும் திருப்பி எடுத்தாங்க. வெளிய நெருக்கடி இல்லாட்டி சங்கம் விலை பேசத்தான் கூடும், இது என்ட அபிப்பிராயம்.

சரி, உமிக்கு வருவம். சீமெந்தின்ட உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லோட களிமண்ணயும் சேத்து 1450 டிகிரியில சுட்டா கிடைக்கிறது. சுண்ணாம்புக்கல் சூடேறும்போது அதுக்குள்ள இருந்தே காபனீரொக்சைட் கழண்டு வெளிய வரும், அதால விறகோ நிலக்கரியோ எத எரிச்சாலும் இந்தப் பங்கு குறையாது, கிளிங்கரிட மொத்தப் புகையில பாதிக்கு மேல இதுதான். குறைக்க ஒரு வழி, கிளிங்கரில ஒரு பங்குக்குப் பதிலா வேற ஏதும் கலக்கிறது. நிலக்கரி மின்நிலையச் சாம்பல் அப்பிடி ஒண்டு, உமிச் சாம்பல் இன்னொண்டு, உமிச் சாம்பலில 85 இல இருந்து 95 சதவீதம் வரை சிலிக்காதான்.

ஆனா எல்லா உமிச் சாம்பலும் சரிவராது. கிட்டத்தட்ட 700 டிகிரிக்குக் கீழ எரிச்சா சிலிக்கா ஒழுங்கில்லாத அமைப்பில இருக்கும், சீமெந்து இறுகும்போது வாற சுண்ணாம்போட சேந்து புதுப் பிணைப்பு உண்டாக்கும். சூடு கூடினா அது பளிங்காகி, வெறும் மணல் போலத்தான், ஒண்டோடயும் சேராது. சூடு காணாட்டி கரி மிஞ்சும், கறுத்த சாம்பல், அது கொங்கிறீட்டில போடுற கெமிக்கல உறிஞ்சிரும். ஒரு மில்லு இன்டைக்கு வெள்ளைச் சாம்பலும் நாளைக்குக் கறுத்த சாம்பலும் அனுப்பினா எந்த பேக்டரி வாங்கும்?

அளவும் பிரச்சினை. நாளைக்கு பத்து டன் நெல்லு குத்துற மில்லில எல்லா உமியும் எரிச்சாலும் வாறது 400 கிலோ சாம்பல் மட்டுந்தான். அப்பிடி இருபது மில்லு எண்டா 8 டன், அது லொறி அனுப்பிற அளவு. அந்த இருபதும் பொயிலருக்குள்ள ஒரே மாதிரி தெர்மோமீட்டர் வச்சு, ஒரே முறையில எரிச்சு, ஒரே இடத்தில கொட்டி, மிச்சக் கரி எத்தின வீதம் எண்டு ஒரு பொது லேப்பில பாத்து அனுப்பினாத்தான் விலை பேசலாம், அந்த முறைய எழுதி வைக்கிறதும் மீறினவன்ட லொறியத் திருப்பி அனுப்பிறதும் சங்கத்திட வேலை. எரிக்கிறதையும் அந்தந்த மில்லிலயே செய்யணும், உமியாவே ஏத்தினா ஒரு கனமீட்டர் 100 கிலோ அளவுதான் நிறுக்கும், லொறி நிரம்பும், டீசல் காசு கூட வராது.