நாயின் அவசரச் சிகிச்சையும் சொல்லத் தயங்கும் தொகையும்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் நான், இரவில் நாயைத் தூக்கிக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு தயக்கத்தைத் தொடர்ந்து காண்கிறேன். நாய் கடைசியாக எப்போது தின்றது, எத்தனை முறை வாந்தியெடுத்தது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்பவர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. "எவ்வளவு ஆனாலும் பரவால்லீங்க டாக்டர், எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்கிறார்கள். இரண்டாம் நாள் பில்லைப் பார்த்ததும், ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாயைத் திருப்பித் தரும்படி கேட்கிறார்கள். அப்படிப் பாதியில் நின்றுபோகும் சிகிச்சையில் செலவழித்த பணமும் பலன் தராது, நாயும் பிழைப்பது அரிது.

தொகையை முதலிலேயே சொன்னால் மருத்துவர் மட்டமாக நினைப்பார் என்ற அச்சம் தேவையற்றது. அந்தத் தொகையை வைத்துத்தான் அவர் சிகிச்சையைத் திட்டமிட முடியும். நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோயான பார்வோவை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி போடாத குட்டி இரத்தக் கழிச்சலோடு வந்தால், மருத்துவமனையிலேயே வைத்து நரம்பு வழியாக இடைவிடாது நீரேற்றுவதுதான் சிறந்த வழி, செலவும் அதில்தான் அதிகம். ஆனால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் நரம்பு வழியே நீரேற்றி நிலைப்படுத்திய பின், தோலுக்கடியில் நீர், நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிபயாடிக், வாந்தியை நிறுத்தும் ஊசி என்று புறநோயாளி முறையில் பார்த்த நாய்களில் 80 விழுக்காடு பிழைத்தன. உள்நோயாளியாக வைத்தவற்றில் 90 விழுக்காடு. மொத்தம் 40 நாய்களை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது என்றாலும், குறைந்த செலவில் நம்பத்தக்க இரண்டாம் வழி உண்டு என்பதை அது காட்டுகிறது. முதல் நாளே கையிருப்பைச் சொன்ன குடும்பத்துக்குத்தான் அந்த வழியை நான் எடுத்துச்சொல்ல முடியும். இரண்டு நாள் உள்நோயாளிச் செலவில் பணம் தீர்ந்த குடும்பத்துக்கு அதற்கும் வழியிருக்காது.

எல்லா நோய்க்கும் இப்படி மாற்று வழி கிடையாது. தென்னந்தோப்பில் கண்ணாடி விரியன் கடித்த நாய்க்கு நஞ்சுமுறி மருந்தைத் தவிர வேறு மருந்து இல்லை. நாய் சின்னதுதானே, ஒரு குப்பி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பாம்பு செலுத்திய நஞ்சின் அளவுக்கு ஏற்பவே மருந்து தேவைப்படுகிறது. நாயின் எடை குறைந்தால் மருந்து குறையாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்ட பெரிய இன நாய்க்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். கருப்பையில் சீழ் கோத்த பெட்டை நாய்க்கும் பெரும்பாலும் அறுவைதான். இங்கெல்லாம் பணம் திரட்ட நாள் கணக்கில் அவகாசம் இல்லாததால், எவ்வளவு தேவை, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர் சொல்லுமிடத்தில், வலியில்லாமல் உயிர்விடச் செய்வதைப் பற்றிப் பேசுவதும் அன்புக்குக் குறைவான செயலன்று.

செலவைக் குறைக்க, திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியிலுள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையையும், தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நினைவில் வையுங்கள். ஆனால் நாய் பயணத்தைத் தாங்குமா என்று கேட்டறிந்த பிறகே புறப்படுங்கள். நாய்க்கான காப்பீடு கிடைக்கிறது, நோய் வந்தபின் எடுத்தால் அந்த நோய்க்குப் பயன்படாது.

உறவினரிடமும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழும் நாயின் படத்தையும் சொந்த ஜிபே எண்ணையும் மட்டும் போட்டு அனுப்புவதுதான் சிக்கல், ஏனெனில் மோசடிக்காரர்கள் அனுப்புவதும் அதே போலத்தான் இருக்கும். மருத்துவமனை எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், நோயின் பெயர், நீங்கள் ஏற்கெனவே கட்டிய தொகை, இன்னும் தேவைப்படுவது ஆகியவற்றை எழுதுங்கள். பணம் மருத்துவமனையின் கியூஆர் கோடுக்கே நேராகப் போகட்டும். எந்த நாய்க்கான பணம் என்பது தெரிய, பதிவு எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். நம் குழுக்களில் மலையாளம் மட்டும் படிப்பவர்களும் இருப்பதால், அந்தச் செய்தியையே மலையாளத்திலும் ஒருமுறை அனுப்பலாம். தேவையான தொகை சேர்ந்ததும் "போதும்" என்று உடனே அறிவித்துவிடுங்கள். நாய் இறந்துபோனால் அதையும் அதே குழுவில் சொல்லி, இறுதி பில்லைப் போட்டு, மீதிப் பணத்தைக் கொடுத்தவர்களுக்கே திருப்புவதா, அவர்கள் சம்மதித்தால் அங்கே சிகிச்சையிலிருக்கும் வேறொரு நாயின் கணக்கில் சேர்ப்பதா என்று அவர்களையே கேளுங்கள்.